வீட்டுப்பாடம் கேட்டு வந்த அம்மா

ஐந்தாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்று நான் நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது, அதை இப்போதும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 1248-ஐ 12-ஆல் வகுக்கச் சொன்னால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் 4-ஐக் கீழே இறக்கி, அதில் 12 போகாது என்றதும், மேலே பூஜ்ஜியம் போடாமல் 8-ஐயும் இறக்கிவிடுவார்கள். 104 வர வேண்டிய இடத்தில் 14. வகுப்பில் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து "14-ஐ 12-ஆல் பெருக்கிப் பாரு கண்ணு" என்று சொன்னால் போதும், தானே பிடித்துவிடும். வீட்டில் அதே தப்பைப் பத்துக் கணக்கிலும் போட்டுப் பழகிக்கொண்டு வருகிறது. டியூஷன் போகிற பிள்ளையின் நோட்டில் எல்லாம் சரி, ஆனால் எழுத்து டியூஷன் அக்காவுடையது. 2023-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் 4, 5-ஆம் வகுப்புக்கும் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே அறையில் மூன்று நிலை. மூவருக்கும் ஒரே வீட்டுப்பாடம் எப்படிப் பொருந்தும்? 2020-இல் வந்த பள்ளிப் பை கொள்கையே 3 முதல் 5 வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் அதிகபட்சம் என்கிறது.

இதையெல்லாம்தான் அந்த அம்மாவிடமும் சொன்னேன். பல்லடம் பக்கம் தறிக்குடோன் வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கும் குடும்பம், மகள் என் வகுப்பு. "ஏனுங்க டீச்சர், வீட்டுப்பாடத்த நிறுத்திட்டீங்களாமா?" என்று கேட்டு நின்றவர், நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் செரிங்க. புள்ள நோட்ட விரிச்சு உக்காந்திருந்தா அவிங்கப்பா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க. மூடி வெச்சுட்டா தார் சுத்தக் கூப்புட்டுப்போடறாருங்க."

தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும், நூல் சுற்றிய குச்சிதான் தார். அவள் நோட்டின் நடுமடிப்பில் எப்போதும் பஞ்சுத்தூசி படிந்திருக்கும். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

"நான் அவருகிட்டப் பேசட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாங்க. உங்ககிட்டத் தலையாட்டுவாரு. அப்புறம் எனக்குத்தான்..."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று தோன்றும், கேட்டு என்ன செய்திருப்பேன் என்றும் தோன்றும். அந்த அப்பாவையும் கெட்டவராக நினைக்க முடியவில்லை. கூலிக்கு ஓட்டுகிறவருக்கு மீட்டர் கணக்கில்தான் காசு. நாடாவில் தார் தீர்ந்துகொண்டே இருக்கும், சுற்றிக் கொடுக்க ஆள் வைத்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகு ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது. ஆனால் உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று சாயங்காலம் ஆறு மணிக்குக் குடோனுக்குள் போய் யார் கோடு போடுவது?

அடுத்த நாளே பலகையில் வீட்டுப்பாடம் எழுதினேன், எல்லோருக்கும். அவளுக்கு மட்டும் கொடுத்தால் அவளைத் தண்டிப்பதுபோல் ஆகிவிடும். 14 திரும்பி வந்துவிட்டது, அக்கா கையெழுத்தும்தான். அவள் மட்டும் கணக்கைத் தப்பாகவே போட்டாலும் பக்கம் நிறையப் போட்டு வருகிறாள். அது படிப்பா, இல்லை அவளுக்குக் கிடைக்கிற ஒரு மணி நேரமா? இரண்டாவதுதான் என்றாலும் கொடுக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அப்படிப் பார்த்தால், பாடம் என்ற பெயரில் நான் கொடுப்பது என்ன?

போன வாரம் வகுப்பில் ஒரு பையனின் அப்பாரு, அவன் தாத்தா, வந்தார். எழுதுவதற்கே பொழுது போய்விடுகிறது, ஆட்டைப் பிடித்துக் கட்டக்கூட ஆளில்லை, கொஞ்சம் குறைத்துக் கொடுங்க அம்முணி என்றார். பையன் தூக்கக் கலக்கத்தில் வருவதை நானும் பார்க்கிறேன். சரிங்க என்றேன். அந்த அம்மாவிடமும் சரிங்க என்றுதான் சொல்லியிருந்தேன். வகுப்பு ஒன்று, பலகை ஒன்று, திங்கட்கிழமை அதில் எத்தனை கணக்கு எழுதுவதென்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.