ஆத்தங்குடிச் சிவப்பு

செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் பூவேலைக் கல்லான ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் இன்று ஒருவர், கண்ணாடிமேல் வைத்த அச்சுக்குள் கரண்டியால் சிவப்புக் கலவையை ஊற்றினார். அச்சைத் தூக்கியதும் அந்தச் சிவப்பு, பக்கத்து மஞ்சளுக்குள் மயிரிழை அளவு கசிந்து நின்றது.

அச்சுதன் கூடல்லூரின் ஓவியங்களில் நான் வெகுநேரம் நிற்பது இத்தகைய விளிம்புகளில்தான்.

1945இல் கேரளத்துக் கூடல்லூரில் பிறந்து, கட்டடப் பொறியியல் படித்து, சென்னையில் ஓவியரானவர் அவர். உருவங்களை வரைந்துகொண்டிருந்தவர், மெல்ல அவற்றைக் கைவிட்டு வண்ணத்தை மட்டுமே நம்பத் தொடங்கினார். 1988இல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது கிடைத்தது, 2022இல் மறைந்தார்.

‘இது என்ன உருவம்?’ என்று அவருடைய ஓவியத்தின் முன் கேட்பவர்கள், செட்டிநாட்டு வீட்டின் வளவில் நடக்கும்போது தரையைப் பார்த்து அப்படிக் கேட்பதில்லை (நானும் காரைக்குடிக்காரன்தான், கேட்டதில்லை).

அலைபேசித் திரையில் பார்த்துவிட்டு அவரைப் பற்றி முடிவு கட்டுவது மட்டும் நியாயமில்லை. வண்ணத்தின்மேல் வண்ணம் ஏறிய தடிப்பு அதில் தெரிவதே இல்லை.