மூக்கைக் காணவில்லை

இன்று காலை நாளிதழின் வரி விளம்பரங்களுக்கிடையே, காணாமற்போன கிளி ஒன்றைத் தேடும் அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு ரஷ்ய எழுத்தாளர் நிகோலாய் கோகலின் ‘மூக்கு’ கதை நினைவுக்கு வந்து, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

1836இல் வெளியான அந்தக் கதையில், பீட்டர்ஸ்பர்க் அதிகாரி கவல்யோவ் ஒருநாள் கண்விழிக்கும்போது முகத்தில் மூக்கு இல்லை; அதுவோ அவரைவிட உயர்ந்த பதவிக்குரிய சீருடை அணிந்து, கோச்சு வண்டியில் நகரைச் சுற்றுகிறது.

விளம்பரம் கொடுக்கப் போகிறார். பத்திரிகை அலுவலகக் குமாஸ்தா கொஞ்சம் வியக்கத்தான் செய்கிறார். ஆனால் அவருடைய பெருங்கவலை, இதை அச்சிட்டால் பத்திரிகையின் பெயர் கெட்டுவிடுமே என்பதுதான். பிறகு மனமிரங்கி, ஆறுதலாக மூக்குப்பொடி டப்பியை நீட்டுகிறார். மூக்கில்லாதவரிடம்!

அந்த டப்பிதான் கதையைத் தாங்குகிறது என்பேன். நடக்கவே முடியாத ஒன்றை அலுவலக நடைமுறையோடு மோதவிடும்போது, காரணம் கேட்க மறந்து சிரிக்கிறோம். சிரித்த கணத்திலேயே நம்பியும்விடுகிறோம்.

பேய்க்கதைகள் பலவும் எனக்குச் சலிப்பூட்டுவது இதனால்தான்: பேய் வந்ததும் எல்லாரும் அலறுகிறார்களே தவிர, ஒருவரும் அதனிடம் ஆதார் அட்டை கேட்பதில்லை.