இரட்டைக்குழலுக்குத் துருக் கருமை: சுற்றுச் சுற்றாக

பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியின் குழல்களைக் கறுப்பாக்க நம்பத் தகுந்த வழி, துருப்பிடிக்க வைத்து அந்தத் துருவைக் கொதிநீரில் மாற்றுவதுதான். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்து 140 டிகிரி அளவில் கொதிக்கும் தொட்டி வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் இரண்டு குழல்களையும், அவற்றின் இடையே நீளவாக்கில் ஓடும் நடுப்பட்டையையும் ஒட்டிப் பிடித்திருக்கும் ஈயப் பற்றாசை அந்தக் காரம் அரித்துவிடும். பாட்டிலில் விற்கும் செலினியக் கரைசல் சின்னக் கீறலை மறைக்கத்தான் உதவும். அந்த நிறம் கை பட்டுப் பட்டே தேய்ந்துபோகும்.

முதலில் குண்டு இல்லையென்று பார்த்துவிட்டு, குழலைத் தனியாகக் கழற்றிக்கொள்ளவும். 320, கடைசியில் 400 நம்பர் உப்புத்தாள் போதும். கண்ணாடி போலப் பளபளத்தால் துரு சரியாகப் பிடிக்காது. சோதனை முத்திரைகள் (குழல் வெடித்துச் சோதிக்கப்பட்டது என்று காட்டும் குறிகள்), வரிசை எண் இருக்கும் இடத்தில் தாள் படவே கூடாது. பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரை மழுங்கிய குழலுக்கு மதிப்பும் போகும், சட்டச் சிக்கலும் வரும்.

உட்புறம் துருப்பிடிக்காமலிருக்க ஷெல்லாக் (அரக்கு) வார்னிஷ். இரண்டு முனைக்கும் நீளமான மர ஆப்பு, பிடித்துக்கொள்ளவும் அதுதான். ஒன்றில் சிறு துளை இருக்கட்டும், இல்லாவிட்டால் கொதிக்கும்போது உள்ளே காற்று விரிந்து ஆப்பைத் தள்ளிவிடும்.

பிறகு எண்ணெய்ப் பசை நீக்கம். பாதி வேலை இதுதான். அசிட்டோனால் துடைத்துத் தண்ணீர் ஊற்றினால் அது முத்து முத்தாக நிற்காமல் விரிந்து ஓட வேண்டும். நின்றால் மறுபடி துடைக்க வேண்டும். இதன்பின் வெறுங்கை படக் கூடாது.

துருப்பிடிக்க வைக்கும் கரைசலைப் பஞ்சில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, ஒரே இழுப்பாகப் பூசவும். அமிலம் கலந்தது, கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் எல்லாம் வேண்டும். பூசியது வழிந்தால் செம்பு நிறக் கோடு விழும், அதன்மேல் பூசுகிற எதுவும் ஒட்டாது. ஈரப்பதம் 70–80 சதவீதம் உள்ள அலமாரியில் சில மணி நேரம் தொங்கவிட்டால் மெல்லிய ஆரஞ்சுத் துரு படரும். துரு பொடிப்பொடியாக இருக்கும்போதே குழலை வெளியே எடுத்துவிடவும். மேலும் விட்டால் குழி விழும். குழியை எந்தக் கறுப்பும் மூடாது.

பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் 20 நிமிடம் கொதிக்க வைக்கவும். குழாய்த் தண்ணீரின் உப்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். எடுக்கும்போது ஆரஞ்சுப் பொடி முழுக்கக் கறுத்து வெல்வெட் போல இருக்கும். சிவப்பு ஆக்சைடு மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு ஆகிவிட்டது. எண்ணெய் நீக்கிய 0000 (மிக மெல்லிய) ஸ்டீல் வுல்லால் அழுத்தாமல் தேய்த்தால் கறுப்புத் தூள் உதிர்ந்து, அடியில் வெளிறிய சாம்பல் நிறம் மட்டும் தெரியும். இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், முதல் சுற்று எப்போதும் இப்படித்தான். பூச்சு, துரு, கொதி, தேய்ப்பு எல்லாம் சேர்ந்தது ஒரு சுற்று, அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்றாவதில் நிறம் சமமாகும், ஆறு முதல் எட்டுச் சுற்றுக்குள் ஆழமான நீலக்கறுப்பு வந்துவிடும். ஓரிடம் மட்டும் பிடிக்காமல் வெளுத்தே இருந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். நடுப்பட்டையின் அடியிலிருந்து கசிவதுதான் வழக்கம்.

கடைசியாக சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு கொதி. சூடு ஆறுமுன் எண்ணெயில் நனைத்து ஓரிரவு விடவும். வார்னிஷை ஸ்பிரிட்டால் கழுவி எடுக்கலாம். பிற்பாடு பட்டையோரம் சிவப்புத் துரு தலைகாட்டினால், திரும்பக் கொதிக்க வைத்து எண்ணெயிட்டால் போதும். புதிதாகக் கரைசல் பூச வேண்டாம்.