ஊதா மணிகளும் ஐந்து நாடுகளும்

நியூயார்க் மாநிலத்தில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த வாரம் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இரோகுவாய் மக்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ஹோடெனோஷோனி, நீள்வீட்டு மக்கள். வகுப்பில் நான் அந்தப் பெயரைத்தான் சொல்கிறேன்.

சிப்பி மணிகளைக் கோத்து நெய்த ஹயவாதா வாம்பம் பட்டையின் படத்தைப் பெரிய தொடுதிரையில் போட்டேன். ஊதாப் பின்னணி, வெள்ளையில் நான்கு சதுரங்கள், நடுவில் ஒரு மரம். மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனெகா என்ற ஐந்து நாடுகளின், அதாவது ஐந்து இரோகுவாய் இனக்குழுக்களின், ஒப்பந்தம் அது. நடுவிலுள்ள மரம் ஒனொன்டாகா. டஸ்கரோரா மக்கள் ஆறாவதாகச் சேர்ந்தது 1722 வாக்கில். "மணிகள்தான் அவங்க காசா?" என்று ஒரு பையன் கேட்டான். இல்லை, இது கொடுத்த வாக்கை நினைவில் வைக்கும் பட்டை என்றேன். எழுத்தறிவு என்றால் தாளும் பேனாவும் மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. எனக்கு அது ரொம்ப முக்கியம்.

அப்புறம் டேப்லெட்டில் எக்செல் கட்டங்களுக்கு வண்ணம் பூசி, ஆளுக்கொரு பட்டை செய்தார்கள். புனிதமான பட்டையை நகலெடுக்க வேண்டாம், உங்கள் வீட்டில் கொடுத்த ஒரு வாக்கை வரையுங்கள் என்றேன். ஒரு சிறுமி இரண்டு கோடுகள் மட்டும் போட்டாள், ஒன்று அவள், இன்னொன்று தம்பி. அதன் பொருளைத் தன் குரலிலேயே பதிவுசெய்தாள். இரண்டு வரி எழுதவே தயங்குகிற பிள்ளை, மூன்று நிமிடம் பேசினாள்.

மோஹாக் மொழியை 12 ரோமன் எழுத்துகளில் எழுதிவிடலாம் என்றதும் வகுப்பே வியந்தது. "அவங்க இப்போ எங்கே?" என்றாள் இன்னொருத்தி. வரைபடத்தைத் திறந்து, சிரக்யூஸ் நகரத்துக்குத் தெற்கே உள்ள ஒனொன்டாகா நாட்டைக் காட்டினேன்.