கடைசி அசையில் இருக்கிற நேற்று

திருகோணமலையில் டச் பே கடற்கரைக்கு அருகே உள்ள சிறிய விருந்தினர் விடுதியொன்றில் நான் வேலை செய்கிறேன். ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார், முந்தின நாள் புறப்பட்டுச் சென்ற தம் தோழர் புகையிரத நிலையத்துக்கு எப்படிப் போனார் என்று என்னிடம் கேட்டார். ஸ்பானிய மொழியில் ‘நடந்தார்’ என்று சொல்ல நினைத்து, நான் ‘கமீனோ’ என்றேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். ‘நான் நடக்கிறேன்’ என்றுதான் அச்சொல் அவர் காதில் விழுந்திருந்தது.

‘கமினார்’ என்றால் நடத்தல். இறுதியில் உள்ள ‘ஆர்’ என்பதைக் களைந்தால் ‘கமின்’ என்ற பகுதி எஞ்சும். அதனோடு விகுதியைச் சேர்த்தால், நடந்தேன் என்பதற்குக் கமினே, நடந்தாய் என்பதற்குக் கமினாஸ்தே, நடந்தோம் என்பதற்குக் கமினாமோஸ், நடந்தார்கள் என்பதற்குக் கமினாரோன் என்று வரும். அவன், அவள், அவர், அது ஆகிய எல்லாவற்றுக்கும், மரியாதையாக ஒருவரை அழைக்கும் ‘நீங்கள்’ என்பதற்கும்கூட, கமினோ என்ற ஒரே வடிவம் போதும். நெருங்கிய பலரை முன்னிலைப்படுத்தும் கமினாஸ்தெய்ஸ் என்ற வடிவம் ஸ்பெயினில் வழங்குகிறது. லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்திலும் கமினாரோன்தான்.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எழுவாயைச் சொல்லாமலே வினைமுற்று ஆளைக் காட்டிவிடுவது இரு மொழிக்கும் பொது. ஆனால் தமிழில் காலம் நடுவில் இருக்கிறது: ‘பேசினேன்’ என்பதில் ‘இன்’ இறந்தகாலத்தையும் ‘ஏன்’ பேசியவரையும் தனித்தனியே சொல்கின்றன. கமினார் என்ற வினையின் இந்த வடிவங்களில் அப்படிப் பிரித்தெடுக்க இடைநிலை எதுவும் இல்லை; காலமும் ஆளும் விகுதிக்குள்ளேயே ஒன்றாகக் கலந்துவிட்டன. சில வேளைகளில் அந்த விகுதியின் எழுத்துகூட மாறுவதில்லை, அழுத்தம் மட்டுமே இடம் மாறுகிறது.

நான் தவறியது அங்கேதான். நடு அசையை அழுத்தினால் ‘நடக்கிறேன்’. கடைசி அசையை அழுத்தினால் ‘நடந்தார்’. எழுதும்போது அந்த இறுதி ஓகாரத்தின் தலையில் ஒரு சிறு சாய்கோடு இடுவார்கள். ‘நடந்தேன்’ என்பதிலும் இதே ஆபத்து உண்டு: அழுத்தம் நடுவில் விழுந்தால் அது ‘நடவுங்கள்’ என்ற ஏவலாகிவிடும். அழுத்தத்தைக் கொண்டு பொருள் பிரிக்கும் வழக்கம் தமிழில் இல்லாததால், நம் காது அதைக் கவனிக்கப் பழகவில்லை. ஆகவே என் குறிப்பேட்டில் நான் அளபெடையைப் பயன்படுத்துகிறேன்: கமினேஎ, கமினோஒ. உண்மையில் அங்கே தேவைப்படுவது நீளத்தைவிட வலிமைதான் என்றாலும், கண் அந்த எழுத்தில் நின்றதும் குரலும் அங்கே நின்றுவிடுகிறது.

‘ஏர்’, ‘ஈர்’ என்று முடியும் வினைகள் இரண்டுக்கும் ஒரே விகுதித் தொகுதிதான். உண்ணுதல் என்ற கொமேர், கொமீஇ, கொமீஸ்தே, கொமியோஒ, கொமீமோஸ், கொமியேரோன் என்று போகும். எழுதுதல் என்ற எஸ்கிரிபீரும் அப்படியே. நடந்தேன், படித்தேன், உண்டேன், கேட்டேன், சென்றேன் என்று வினைக்கு வினை மாறுகிற நம் மொழியைக் கற்க வருபவருக்கு இருக்கும் சுமையோடு ஒப்பிட்டால், ஒழுங்கான ஸ்பானிய வினைகள் மிகவும் இலகுவானவை என்றே நான் கருதுகிறேன்.

ஒன்றில் மட்டும் நிதானம் வேண்டும். இவ்வடிவம் நடந்து முடிந்த செயலுக்கு உரியது. ‘சிறுவயதில் தினமும் கோணேசர் கோயிலுக்கு நடப்பேன்’ என்று நாம் எதிர்கால வடிவத்தால் சொல்கிற பழைய வழக்கத்துக்கு அங்கே கமினாபா என்ற வேறொரு இறந்தகாலம் இருக்கிறது. கமினாமோஸ் என்பது ‘நடக்கிறோம்’ என்றும் பொருள்படுவதால், ‘அயேர்’, அதாவது நேற்று, என்ற சொல்லைச் சேர்த்துவிடுவது நல்லது.

நேற்றிரவு நான் பாணும் பருப்பும் உண்டேன். ஸ்பானியத்தில் பாணுக்குப் பெயர் ‘பான்’. போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்ற சொல்லும் அவர்களுடைய சொல்லும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. காலையில் விடுதி வாசலைக் கூட்டியபடியே, கடைசி ஈகாரத்தை நன்றாக அழுத்தி, ‘அயேர் கொமீஇ பான்’ என்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன்.