பாதைத் துண்டைப் பராமரிப்பது யார்?

ஹட்டன், கொட்டகலை, பண்டாரவளை, கம்பளை என்று மலையகத்தின் எந்த நகரத்தை எடுத்துக்கொண்டாலும், ஒரு காலத்தில் தேயிலையோ மரக்கறியோ விளைந்த தனியார் காணிகள் அதன் ஓரங்களில் பத்து, பன்னிரண்டு பேர்ச்சஸ் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்படுவதைக் காணலாம். லயன் அறையில் பிறந்து, ஆசிரியராகவோ கடைக்காரராகவோ உயர்ந்து, அல்லது கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைத்துச் சேர்த்த ஒரு தலைமுறை, தன் பெயரில் ஒரு காணி உறுதி எழுதப்படுவதை முதன்முறையாகக் காண்பது இந்தத் துண்டுகளில்தான். ஆகவே வாங்கும் நாளில் எல்லோரும் உறுதியில் வில்லங்கம் உண்டா, தண்ணீர் கிடைக்குமா, மின்கம்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பவற்றையே கவனமாகப் பார்க்கிறார்கள். நில அளவையாளரின் வரைபடத்தில் தனக்கென ஓர் இலக்கத்துடன் மெல்லிய நீண்ட பட்டையாகக் கிடக்கும் பாதைத் துண்டைப் பற்றி, அது எத்தனை அடி அகலம் என்பதற்கு மேல் எவரும் விசாரிப்பதில்லை. அதை யார் திருத்துவது, அதற்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி இரண்டு மூன்று மழைக்காலங்கள் கடந்த பிறகே எழுகிறது. அதற்குள் எல்லாத் துண்டுகளையும் விற்று முடித்தவர் வேறோர் ஊரில் வேறொரு காணியைப் பிரித்துக்கொண்டிருப்பார்.

எங்கள் பாதையில் வீடுதோறும் சென்று பராமரிப்புப் பணத்தைச் சேர்த்து, கணக்கெழுதும் பொறுப்பு சில காலமாக என்னிடம் இருக்கிறது. அந்த வேலையில் நான் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “சோலை வரி கட்டுகிறோமே, சபை வந்து செய்யாதா?” நியாயமான கேள்வி. ஆனால் நம் நாட்டில் வீதிகளின் பொறுப்பு அவற்றின் தரத்தைக் கொண்டு பிரிக்கப்பட்டிருக்கிறது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண சபையின் பொறுப்பு. அதற்குக் கீழுள்ளவை மாநகர, நகர, பிரதேச சபைகளிடம் இருக்கின்றன. சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறாத பாதைக்குச் சபை நிதியிலிருந்து செலவு செய்தால் கணக்காய்வில் கேள்வி வரும் என்று அதிகாரிகள் சொல்வதை வெறும் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. சோலை வரி என்பது வீட்டு வாசலில் உள்ள பாதைக்கான கட்டணமும் அல்ல. குப்பை அகற்றுவதிலிருந்து பொதுச் சந்தை, நூலகம் வரை எல்லாவற்றுக்குமான வரி அது.

அப்படியானால் பாதைத் துண்டு யாருடையது? பெரும்பாலான உறுதிகளில் வாங்குபவருக்கு முதலாம் அட்டவணையில் காணித் துண்டும், இரண்டாம் அட்டவணையில் பாதைத் துண்டின் மீது மற்றவர்களோடு சேர்ந்து போக்குவரத்துச் செய்யும் உரிமையும் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. மண்ணின் உரிமை காணியைப் பிரித்து விற்றவரிடமே தங்கிவிடுகிறது. அவர் இறந்திருக்கலாம், நிறுவனமாக இருந்தால் மூடப்பட்டிருக்கலாம், உரிமை அவரிடம் இருந்தாலும் பாதையைச் செப்பனிட்டுத் தரும் கடமை அவருக்கு இல்லை. நம் காணி வழக்குகளுக்கு அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வழியுரிமையை அனுபவிக்கும் காணிக்காரரே அந்த வழியைப் பயன்படுத்தத்தக்க நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும். வழி கொடுத்தவர் தடை செய்யாமல் இருந்தால் போதும். வேறு உடன்பாடு எழுதப்பட்டிருந்தால் மட்டுமே நிலைமை மாறும். ஆகவே சட்டம் இந்தக் கேள்விக்கு மௌனமாக இல்லை. பணம் கொடுக்க வேண்டியவர்கள் அந்தப் பாதையில் வாழ்பவர்கள்தான். என் வருத்தமெல்லாம், அவர்களை ஒன்றாகக் கட்டி, பங்கைத் தீர்மானித்து, கொடுக்காதவரிடம் கேட்டு வாங்கும் அதிகாரத்தைச் சட்டம் எவருக்கும் கொடுக்கவில்லை என்பதே.

மாடிக் குடியிருப்புகளுக்கு இந்த ஏற்பாடு இருக்கிறது. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடத்தில் வீடு வாங்குபவர் தாமாகவே அதன் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில் உறுப்பினராகிறார். படிக்கட்டு, கூரை, உள்வீதி ஆகியவற்றின் பராமரிப்புக்குப் பங்கு செலுத்தக் கடமைப்படுகிறார். செலுத்தாவிட்டால் அறவிட வழி உண்டு. நிலத்தைத் துண்டாடி விற்கும்போது அப்படி எதுவும் பிறப்பதில்லை. கண்டியில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் வீடு வாங்கியவருக்குள்ள பாதுகாப்பு, ஹட்டனில் பத்துப் பேர்ச்சஸ் வாங்கியவருக்கு இல்லை. இருவரும் பொதுவான ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருக்கு மட்டும் சட்டம் துணை நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சமவெளியில் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே பராமரிக்காத பாதையில் குழி விழும். வாகனத்தின் ஸ்பிரிங் உடையும். மலையில் பாதை என்பது மழைக்காலத்தில் ஓர் ஓடையாகவும் இருக்கிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரையும் தாண்டுகிறது. சரிவை வெட்டி அமைத்த ஒரு பாதை, மேலேயுள்ள கூரைகளின் நீரையும், சீமெந்து போட்ட முற்றங்களின் நீரையும், வெட்டப்பட்ட மண் முகத்திலிருந்து கசியும் ஊற்று நீரையும் சேர்த்து வாங்கிக் கீழே கொண்டு வருகிறது. பக்கத்துக் காணில், அதாவது வடிகாலில், இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் பாதையின் குறுக்கே பாய்ந்து, வெளி ஓரத்தை அரித்து, கீழ்வீட்டின் தாங்கு சுவருக்குப் பின்னால் இறங்குகிறது. சுவரில் நீர் வடியும் துளைகள் இல்லாவிட்டால், அல்லது இருந்தும் அடைபட்டிருந்தால், ஊறிய மண்ணின் பாரம் முழுவதையும் அந்தச் சுவர் தனியே தாங்க வேண்டியிருக்கிறது. பாதையைத் திருத்துவது என்றவுடன் எல்லோருக்கும் கொங்கிறீட்தான் நினைவுக்கு வருகிறது. என் அனுபவத்தில் முதலில் செலவிட வேண்டியது காணுக்கும் மதகுக்கும். நீரை ஒழுங்காக அனுப்பாமல் போட்ட கொங்கிறீட், அடிமண் கழுவப்பட்டு, பலகை போல அந்தரத்தில் நின்று, ஒரு கல் லொறி ஏறிய நாளில் உடைந்துவிடும்.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுகிறது. அதில் மழைநீரை முறையாக வெளியேற்றுவது பற்றிய நிபந்தனைகள் வழக்கமாக இடம்பெறும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் கூரை நீரைக் குழாய் வைத்துப் பாதைக் காணில் இறக்கிவிட்டுத் தன் நிபந்தனையை நிறைவேற்றிவிடுகிறார். எல்லா வீட்டு நீரும் சேர்ந்த அந்தக் காண் எவருடைய நிபந்தனையிலும் இல்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகம் முழுவதையும் பார்த்தவர்கள் நாம். அந்தப் பேரழிவுகளை ஒரு குடியிருப்புக் காண் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிவில் வாழ்பவர்கள், தங்கள் கையாலேயே திருப்பிவிடக்கூடிய நீரைப் போக்கற்று விடக்கூடாது.

பங்கு பிரிப்பதில்தான் சண்டைகள் வருகின்றன. எங்கள் பாதையின் முகப்பில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், “தம்பி, நான் வாசலிலேயே இறங்கிவிடுகிறேன், மேலே உள்ள பாதையில் நான் கால் வைப்பதே இல்லை, அதற்கு நான் ஏன் காசு தரவேண்டும்?” என்று கேட்டார். நேர்மையான மனிதர், மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா தவறியதே இல்லை. அவருடைய கணக்கின்படி, பயன்படுத்தும் நீளத்துக்கு ஏற்பப் பணம் கொடுக்க வேண்டும். உச்சியில் இருப்பவர் அதிகம், முகப்பில் இருப்பவர் குறைவு. பாதையின் மேற்பரப்புக்கு அந்த நியாயம் பொருந்தும். காணுக்குப் பொருந்தாது. மேலே காண் உடைந்தால் நீர் வந்து சேர்வது கீழே உள்ள அவருடைய முற்றத்தில்தான். மேல்வீடு பாதையை அதிகம் பயன்படுத்துகிறது; கீழ்வீடு பராமரிப்பினால் அதிகம் பயனடைகிறது. இதை அவரோடு நடந்து காட்டியபோது அவர் ஏற்றுக்கொண்டார். அதன் பின்னர் நாங்கள் செலவை இரண்டாகப் பிரித்தோம். காண், மதகு, தாங்கு சுவர் ஆகியவற்றுக்கு எல்லாத் துண்டுகளும் சமமாகக் கொடுக்கின்றன. மேற்பரப்புக்கு நீளத்தைப் பார்த்துக் கொடுக்கின்றன. வீடு கட்டாமல் பூட்டி வைத்திருக்கும் துண்டுகளுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் பாதை நன்றாக இருப்பதனால்தான் அந்த வெறுங்காணியின் விலை ஏறுகிறது. வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளரிடம் இதைச் சொல்லிப் பணம் பெறுவது எளிதல்ல. சொல்லாமல் விடவும் கூடாது.

வாகனமே இல்லாத வீடுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வாசல் வரை வருவதா, நோயாளியைக் கதிரையில் வைத்துப் பிரதான வீதி வரை தூக்கிச் செல்வதா என்பது பாதையைப் பொறுத்தது. தோட்டத்தில் நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் தனித்து வாழும் முதியவர்களிடம் முழுப் பங்கைக் கேட்பதை நாங்கள் விரும்புவதில்லை. அவர்களுடைய மேற்பரப்புப் பங்கை மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

கட்டட வேலைக்கு வரும் லொறிகளின் விடயத்தில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். ஓர் அச்சின் மேல் ஏறும் பாரம் இரட்டிப்பானால் வீதிக்கு ஏற்படும் சிதைவு ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது வீதிப் பொறியியலில் 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடத்தப்பட்ட பரிசோதனைகளிலிருந்து பெறப்பட்ட கணக்கு. பல ஆண்டுகள் கார்களும் முச்சக்கரவண்டிகளும் ஓடிச் செய்யாத சேதத்தை ஒரு வீட்டுக்கான மணலும் கல்லும் இறக்கும் சில வாரங்கள் செய்துவிடும். வீடு கட்டத் தொடங்குபவர் முதலில் ஒரு தொகையை வைப்பாகக் கொடுத்து, வேலை முடிந்தபின் பாதையைப் பார்த்து மீதியைத் திரும்பப் பெறுவதே நியாயமான முறை. சிறிய லொறியில் பாதிப் பாரமாக ஏற்றினால் கூலி கூடும்தான். ஆனால் அந்தக் கூலி கட்டுபவரின் செலவு, அயலவரின் செலவு அல்ல.

தனியார் பாதையைச் சபைக்குக் கொடுத்துவிடும் வழியும் உண்டு. பாதைத் துண்டை உரிமையாளர் சபைக்கு எழுதிக் கொடுத்து, சபை ஏற்று, பொது வீதியாகப் பிரகடனம் செய்தால் அது பதிவேட்டில் ஏறும். போதிய அகலமும் தெளிவான உரிமையும் இல்லாத பாதையைச் சபைகள் ஏற்கத் தயங்குகின்றன. ஏற்றால் அது எல்லோருக்குமான பாதை. பூட்டும் வாயிற்கதவு போட முடியாது. இதைப் புரிந்துகொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். தேர்தலுக்கு முன் பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் கொங்கிறீட் பெறும் பாதைகளும் இருக்கின்றன. திறப்பு விழாவுக்குப் பிறகு காணைத் துப்புரவு செய்ய அந்த நிதியில் ஒரு ரூபாயும் இருக்காது என்பதால், அப்படிக் கிடைத்த பாதைக்கும் வீட்டுக்காரர்களின் சங்கம் ஒன்று தேவைப்படுகிறது.

இவ்வளவும் காணியைத் தேர்ந்து வாங்கியவர்களுக்கே பொருந்தும். தோட்டங்களில் அரச, இந்திய உதவித் திட்டங்களின் கீழ் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட வீடுகளின் பாதைகளை இதே அளவுகோலால் அளப்பதை நான் எதிர்க்கிறேன். அங்குள்ள குடும்பங்கள் இடத்தையோ பாதையின் அகலத்தையோ தெரிவு செய்யவில்லை. பல ஆண்டுகளாக, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டக் கம்பனியோ அது சபையின் வேலை என்றது. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலை ஒட்டி அம்பகமுவ பிரதேச சபையிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட் சபைகளும், நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் பிரிந்தன. ஆகவே இன்று தோட்டப் பாதையைத் தனியார் பாதை என்று சொல்லிக் கையை விரிக்கச் சபைகளுக்குக் காரணம் இல்லை. நாளாந்தச் சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவரிடம் பாதைச் சந்தா கேட்பது அநீதி.

நகரோரக் காணிகளில் இதைச் சரிசெய்யக்கூடிய தருணம், பிரிப்பு வரைபடத்துக்குச் சபை அனுமதி வழங்கும் நாள். காணும் மதகும் கட்டி முடிக்கப்பட்டதைப் பார்த்த பிறகே அனுமதி கொடுப்பதையும், ஒவ்வொரு துண்டின் விலையிலிருந்தும் ஒரு பங்கைப் பாதை நிதியாக வங்கியில் இடச் செய்வதையும் சபைகள் நிபந்தனையாக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். அதுவரை வாங்குபவர்கள் தங்கள் நொத்தாரிசிடம் கேட்டு, பாதையின் பராமரிப்பில் பங்கு கொடுப்பதாக ஒரு வாசகத்தை உறுதியிலேயே எழுதச் செய்யலாம். ஒவ்வொரு முறை காணி கைமாறும்போதும் அதை மீண்டும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கடமை முதல் வாங்கியவரோடு நின்றுவிடக்கூடும். எங்கள் பாதையில் கடைசியாக விற்கப்பட்ட துண்டின் உறுதியில் அந்த வாசகம் இருக்கிறது. பழைய உறுதிக்காரர்கள் தனி உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டு வருகிறார்கள். இன்னும் இரண்டு வீடுகள் எஞ்சியிருக்கின்றன.