இங்கிலாந்தில் இன்னொரு சபை எதற்கு?

எங்கள் நகரத்தில் ஒரு தமிழ்ச் சபை தொடங்குகிறோம் என்று சொன்னதும் மயிலாடியிலிருந்து பெரியப்பா போனில் கேட்டார்: "ஏன் மக்களே, இங்கிலாந்துல சர்ச்சுக்கா பஞ்சம்?"

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். நாகர்கோவிலில் பஸ் ஏறி மார்த்தாண்டம் போய்ச் சேருவதற்குள் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று எத்தனையோ ஆலயங்கள் கண்ணில் படும். சபைத் தேர்தலில் தோற்றவர்கள் நாலு தெரு தள்ளிப் புதுப் பலகை மாட்டுவதையும் ஊரில் பார்த்திருக்கிறோம். அப்படித் தொடங்கும் சபைக்குப் புதிதாக யாரும் வருவதில்லை. இருக்கிற குடும்பங்களே ரெண்டாகப் பிரிந்து, கல்யாண வீட்டில்கூட முகம் பார்க்காமல் போகிறார்கள். அப்படி ஒரு சபை எந்த நாட்டிலும் வேண்டாம்.

எங்கள் நிலைமை வேறு. வந்த புதிதில் நானும் கணவரும் வீட்டுக்குப் பக்கத்து ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயத்துக்குத்தான் போனோம். நல்ல மனிதர்கள். எங்கள் பெயரைத் திருத்தமாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள், மகளுக்குக் குளிர்ச் சட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு மணி நேர ஆராதனை, தேநீர், பிஸ்கட், அப்புறம் அவரவர் வீடு. அது அவர்கள் வாழும் முறை. நர்ஸ் வேலை, கார், குடும்பம் எல்லாம் இருந்த எங்களுக்கு அது போதுமானதாகவே இருந்தது.

கேர் ஹோம் (பராமரிப்பு இல்லம்) வேலைக்கு வந்த நம் பிள்ளைகளுக்குத்தான் அது எட்டவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஞாயிறும் வேலை நாள். 2024 மார்ச்சில் விதி மாறியபின் கேர் வேலை விசாவில் புதிதாக வந்தவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டி வர முடியவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையாக வாடகைக்கு இருக்கிறார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். காய்ச்சலில் கிடந்தாலும் கதவைத் தட்ட ஆளில்லை.

அவர்களில் ஒருவர், கருங்கல் பக்கத்துத் தம்பி. ஊரில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். லீவும் டிக்கெட்டும் கிடைத்து அவர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் ஷிஃப்ட் முடிந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் அறைக்குப் போனோம். ஒருவர் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார், இன்னொருவர் பப்படம் பொரித்தார். ரைஸ் குக்கரில் சாய்த்து வைத்த போனில் அடக்க ஆராதனை ஓடிக்கொண்டிருந்தது. மண் போடும் நேரத்தில் நெட் போய்விட்டது. தம்பி போனை எடுத்துத் தட்டிக்கொண்டே இருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயதான அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைச் சொல்லி முடித்தார். சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே எல்லோரும் அந்தச் சின்ன அறையில் இருந்தார்கள். பாத்திரம் கொண்டுவந்தது, உடன் வேலை பார்க்கும் ஒரு இந்து நண்பர்.

அங்கே வந்தவர்களில் பெரும்பாலானோர் இந்த நாட்டுக்கு வந்தபின் எந்த ஆலயத்துக்கும் போகாதவர்கள். போகக் கூடாது என்றில்லை, யாரும் தேடி வரவில்லை. புதிய சபை எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். இருக்கிற சபைகள் எட்டாத மனிதர்கள் ஒரு ஊரில் இருந்தால், அவர்களைத் தேடிப் போக அவர்களுக்குள்ளேயே ஒரு சபை வேண்டும்.

பெரியப்பாவின் சொந்த ஊர்க் கதையும் அப்படித்தானே! சிதம்பரம் யாத்திரை போன மயிலாடிக்காரர் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டுத் திரும்பி வந்து, தன் உறவினர்களுக்குச் சொன்னார். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தபோது அங்கே காத்திருக்க ஒரு கூட்டம் இருந்தது. 1809-ல் ஆலயம் எழுந்தது. தீண்டாமையில் ஒடுக்கப்பட்டிருந்த மக்கள் மற்றவர்களோடு சமமாக உட்கார அந்த நாளில் வேறு இடம் எங்கே இருந்தது?

அதனால்தான் முதல் கூட்டத்திலேயே ஒன்றை வெளிப்படையாகப் பேசினோம். "ஊர்ல எந்த சர்ச்?" என்று கேட்டு ஜாதியைக் கண்டுபிடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கடல் கடந்தும் அது கூடவே வருகிறது. அந்த நோக்கத்தோடு அந்தக் கேள்வியை இங்கே யாரும் கேட்கக் கூடாது. சிலருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும், அதை விட்டுக்கொடுத்தால் இந்தச் சபையே வேண்டாம்.

மற்ற வேலைகள் மெதுவாக நடந்தன. பழைய ஆங்கிலிக்கன் ஆலயமே ஞாயிறு மாலையில் தன் ஹாலைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. சண்டே ஸ்கூல் ஆசிரியர்கள் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனைக்கு விண்ணப்பித்தோம். இங்கிலாந்தில் ஒரு தொண்டு அமைப்பின் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக தொண்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் சேரிட்டி கமிஷனில் பதிய வேண்டும். அதற்கான விதிமுறைகளை எழுதப் பல இரவுகள் உட்கார்ந்தோம். காணிக்கைக் கணக்கு எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதில் இந்த நாட்டுச் சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊரில் சோறு பொங்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டு வைப்பார், சபைக்குப் பிடியரிசி. இங்கே ஹால் வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பாஸ்தா, டின் பயறு, டயப்பர் என்று நிறைகிறது. அது, இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் உள்ளூர் ஃபுட் பேங்குக்குப் போகிறது. வாங்கிப்போகிறவர்களில் வெள்ளைக்காரக் குடும்பங்கள்தான் அதிகம். அறுவடைப் பண்டிகை அசனத்துக்கு (எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு) ஆங்கிலிக்கன் ஆலயத்துப் போதகரான விகாரும் அவருடைய சபையாரும் வந்து எங்களோடு உட்கார்ந்து சாம்பாரும் சோறும் சாப்பிட்டார்கள். ஏலத்தில் ஒரு பூசணிக்காயை அவர்களும் நாங்களும் போட்டி போட்டு ஏற்றினோம்.

இப்போது எங்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் பிள்ளைகளைப் பற்றியது. கீர்த்தனையை அவர்கள் ஆசையாகப் பாடுகிறார்கள், பிரசங்கம் புரியவில்லை. ஆராதனையில் பாதியை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று நான் சொல்கிறேன். ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வருமுன் தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் படித்தார். நாம் மட்டும் நம் பிள்ளைகளுக்காகவும் பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் கொஞ்சம் இறங்கி வரக் கூடாதா? "அதுக்கு இங்கிலீஷ் சர்ச்சுக்கே போகலாமே" என்கிறார் அண்ணாச்சி. இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்குத் தாய்மொழியில் ஜெபம் கேட்டால்தான் மனசு ஆறும் என்கிறார். அதுவும் உண்மை. ஈஸ்டர் முடிந்ததும் சபைக் கூட்டம் இருக்கிறது. அதுவரை மாதத்தில் ஒரு ஞாயிறு ஆங்கிலத்தில் நடத்திப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம்.